விறைத்த காலும் துவண்ட காலும்

நேயர்கள் தம் வலக்கைப் பெருவிரலை ஒருமுறை மடக்கி நிமிர்த்திப் பார்ப்பாராக. மடக்க வேண்டும் என்னும் எண்ணம் எழுந்ததற்கும் விரல் மடங்கியதற்கும் இடையே காலம் ஏதும் கழிந்ததாக எவருக்கும் தோன்றுவதில்லை. எனினும் அச்சிறு பொழுதினுள் மூளையின் இடப்பக்கத்து மேற்பட்டையிலே ஒரு செய்தி பிறந்து, தலையின் அடிப்பாகத்திலே வலப்பக்கத்துக்குக் கடந்து, கழுத்தெலும்புகளின் உள்ளே அஞ்சற்பொதி போலக் கைமாறி, தோள் வழியாகவும் முழங்கை வழியாகவும் ஓடி, விரலை மடக்கும் தசையைச் சென்றடைந்திருக்கிறது. இவ்வளவு நீண்ட வழியைக் கடப்பதற்கு இரண்டே நரம்புக் கலங்கள் போதும். முதலாவது கலம் மூளையிலே இருந்துகொண்டு தன் நீண்ட நாரை முண்ணாண் வரை இறக்கியிருக்கின்றது. இரண்டாவது கலம் முண்ணாணிலே இருந்துகொண்டு தன் நாரைத் தசை வரை நீட்டியிருக்கின்றது. முன்னையதை மேல் இயக்க நரம்பு என்றும் பின்னையதைக் கீழ் இயக்க நரம்பு என்றும் வைத்தியர் கூறுவர். சில அசைவுகளுக்கு இவ்விரண்டின் இடையே சிறு இணைப்புக் கலங்களும் அமைவதுண்டு. ஆயினும் வழியின் அடிப்படை இதுவே.

ஊர் வழக்கிலே பாரிசவாதம், இளம்பிள்ளைவாதம், முகவாதம் என எல்லாவற்றையும் வாதம் என்ற ஒரே சொல்லின் கீழ் அடக்கிவிடுவர். கை கால் வழங்காமற் போனால் வாதம், அவ்வளவே. ஆனால் நோயாளியின் காலைத் தம் கையால் தூக்கி மடக்கிப் பார்க்கும் வைத்தியருக்கு இரு வேறு நிலைகள் தென்படும். ஒருவரின் கால் நனைந்த துணி போலத் துவண்டு விழும். மற்றொருவரின் கால் மடக்க விடாமல் விறைத்து நிற்கும். இருவரும் நடக்க இயலாதவரே. எனினும் வழி அறுந்த இடம் இருவருக்கும் ஒன்றன்று. துவண்ட கால் கீழ் நரம்பின் பழுதைக் காட்டுவது. விறைத்த கால் மேல் நரம்பின் பழுதைக் காட்டுவது. நோய் தீருமா, எவ்வளவு தீரும் என்ற கேள்விக்கு விடையும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

இவ்வழியின் தொடக்கம் மூளையின் மேற்பட்டையிலே உள்ளது என்பதை மனிதர் அறிந்து நெடுங்காலம் ஆகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும், மேற்பட்டை எண்ணத்துக்கே உரியது, தசைகளின் அசைவோடு அதற்குத் தொடர்பில்லை என்று கருதிய அறிஞர் பலர். இலண்டன் வைத்தியராகிய ஜோன் ஹியூலிங்ஸ் ஜக்சன் 1860 ஆம் ஆண்டுகளிலே வலிப்பு நோயாளர் சிலரைக் கூர்ந்து கவனித்தார். அவர்களுக்கு வலிப்பு ஒரே கணத்தில் உடல் முழுவதையும் பற்றுவதில்லை. பெருவிரலில் தொடங்கும்; பின் கைக்கு ஏறும்; பின் புயத்துக்கும் முகத்துக்கும் பரவும். இந்த ஒழுங்கு தற்செயலானதன்று என அவர் எண்ணினார். உடலின் உறுப்புகள் மூளையிலே அடுத்தடுத்து இடம்பெற்றிருத்தல் வேண்டும், அவ்விடங்கள் வழியே ஏதோ ஒரு கிளர்ச்சி நகர்கின்றது என்று அவர் முடிவு செய்தார். மூளையைத் திறந்து பாராமல், நோயாளியின் விரலைப் பார்த்தே மூளையின் அமைப்பை ஊகித்த திறமை அது.

அவ்வூகம் சரியென்பதை 1870 இல் பெர்லின் நகரத்து அறிஞர் இருவர் காட்டினர். குஸ்தாவ் பிரிட்ஷ், எடுவர்ட் ஹிற்சிக் என்ற அவ்விருவரும் நாயின் மூளை மேற்பரப்பிலே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். ஓரிடத்தைத் தொட்டால் எதிர்ப்பக்கத்து முன்கால் அசைந்தது. சிறிது தள்ளித் தொட்டால் பின்கால் அசைந்தது. பின்னர், 1930 ஆம் ஆண்டுகளிலே, கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளரின் மூளையிலே இதே முறையைக் கையாண்டு ஒரு வரைபடத்தை ஆக்கினார். மூளைத் தசைக்குத் தன்னளவில் நோவுணர்ச்சி இல்லையாதலின் இது இயன்றது. அவ்வரைபடத்திலே முதுகுக்கும் வயிற்றுக்கும் கிடைத்த இடம் மிகச் சிறிது; விரல்களுக்கும் உதட்டுக்கும் நாவுக்கும் கிடைத்த இடமோ மிகப் பெரிது. பேசுவதற்கும் பிடிப்பதற்கும் வேண்டிய நுண்மை முதுகை வளைப்பதற்கு வேண்டியதில்லை என்பதே காரணம்.

மேற்பட்டையிலே விசிறி போல அகன்று கிடக்கும் இந்நார்கள் கீழிறங்கும்போது நெருங்கி வந்து, மூளையின் ஆழத்திலே ஓர் ஒடுங்கிய கணவாய் வழியாகச் செல்கின்றன. இயற்கை அமைத்த வழிகளுள் ஆபத்து மிகுந்தது இது எனலாம். மேற்பட்டையிலே கடலை அளவான ஓரிடம் பழுதுற்றால் ஒரு கை மட்டும், அல்லது சில விரல்கள் மட்டும் தளரலாம். அதே அளவான பழுது இக்கணவாயில் நேர்ந்தால், முகம் கை கால் என ஒரு பக்கம் முழுவதுமே வழங்காமற் போகலாம். இவ்விடத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் சிறு குழாய்கள் உயர்ந்த குருதியமுக்கத்தினால் எளிதிற் பழுதடைவன. பாரிசவாதம் இத்துணை பொதுவானதாய் இருத்தற்கு இதுவும் ஒரு காரணம்.

கணவாயைக் கடந்த நார்கள், மூளைத்தண்டின் அடியிலே, கூம்பகம் எனப்படும் இரு திரட்சிகளாகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நார்கள் உண்டு. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு வரை அங்கேயே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. மூளையின் இடப்பக்கம் பழுதானால் உடலின் வலப்பக்கம் தளர்வதை மிகப் பழைய வைத்தியரும் கண்டிருந்தனர். கப்பதோக்கியா நாட்டு அரேத்தேயுஸ் என்ற பண்டைய கிரேக்க வைத்தியர், நரம்புகள் குறுக்குக் கோடு போல ஒன்றையொன்று வெட்டிச் செல்வதாலேயே இவ்வாறு நேர்கின்றது எனக் கூறியிருந்தார். அக்குறுக்கீட்டை உடலிலே நேரிற் கண்டு இத்தாலிய வைத்தியர் மிஸ்திக்கெல்லி வெளியிட்டது 1709 இலேதான்.

முண்ணாணை அடைந்த செய்தி கீழ் நரம்பின் கைக்கு மாறுகின்றது. ஆங்கில அறிஞர் சார்ள்ஸ் ஷெரிங்ரன் இக்கீழ் நரம்பை இறுதிப் பொதுவழி என அழைத்தார். பொருத்தமான பெயர். மேற்பட்டையின் ஆணையும், உடலின் சமநிலையைக் காக்கும் பகுதிகளின் ஆணையும், சுடுபொருளைத் தொட்ட கையை எண்ணும் முன்னரே இழுத்துக்கொள்ளச் செய்யும் தெறிவினையும் ஆகிய யாவும் தசையை அடைய வேறு வழியில்லை. இந்த ஒரு நரம்பே வழி. முண்ணாணின் அடிப்பகுதியிலிருந்து பாதத்தின் சிறு தசைக்குச் செல்லும் நார், வளர்ந்தவரிலே ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. கண்ணாற் காணமுடியாத ஒரு கலம் ஒரு மீற்றர் நீள நாரைத் தாங்கி, அதற்கு வேண்டிய உணவுப் பொருள்களை நுனி வரை அனுப்பிக்கொண்டிருக்கின்றது என்பதை நினைவில் வைத்தல் நன்று. பின்னர் இது வேண்டப்படும். செய்தியோ இந்நார் வழியே ஒரு செக்கனுக்கு 50 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. நாரின் நுனி தசையை நேராகத் தொடுவதில்லை. இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியிலே அசற்றைல்கோலின் என்னும் பொருளை அது சொரிகின்றது. தசை அதனாற் சுருங்குகின்றது.

கீழ் நரம்பு அறுந்தால் நேர்வது யாது? பொதுவழியே மூடப்பட்டமையால் எந்த ஆணையும் தசையை அடையாது. தசை துவளும். முழங்காலிலே வைத்தியர் சிறு சுத்தியலால் தட்டினாலும் கால் துள்ளாது. சில கிழமைகளுக்குள் தசை மெலியத் தொடங்கும். இளம்பிள்ளைவாதக் கிருமி முண்ணாணிலுள்ள இக்கீழ்க் கலங்களையே தேடி அழிப்பது. ஆதலின் அந்நோயுற்ற பிள்ளையின் கால் மெலிந்து துவண்டு வளர்ச்சி குன்றிப் போகும். தொட்டால் உணர்ச்சி மட்டும் குறையாது. தடுப்பு மருந்தின் பயனாக இலங்கையில் 1993 இன் பின் உள்நாட்டில் எவருக்கும் அந்நோய் கண்டதில்லை. 2014 மார்ச்சு மாதம் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதையும் இந்நோய் நீங்கிய பகுதியென அறிவித்தது.

மேல் நரம்பு அறுந்தாலோ நிலைமை வேறு. முண்ணாணில் உள்ள கீழ்க்கலம் உயிரோடு இருக்கின்றது. தசையும் அதனோடு தொடர்பு இழக்கவில்லை. இழந்தது மேலிடத்து ஆணையையும் அடக்குமுறையையுமே. ஆசிரியர் இல்லாத வகுப்புப் போல, முண்ணாணின் தெறிவினைகள் தம்மிச்சைப்படி நடக்கத் தொடங்கும். முழங்காலில் மெல்லத் தட்டினாலும் கால் வெகுவாகத் துள்ளும். கை மடங்கி மார்போடு ஒட்டும்; கால் நீண்டு விறைக்கும்; நடக்கும்போது பாதம் நிலத்திலே உரசாதிருக்கும் பொருட்டு நோயாளி காலை அரைவட்டமாக வீசி வைப்பார். கூம்பக நார்களை மட்டும் தனியே வெட்டினால் இவ்வளவு விறைப்பு உண்டாவதில்லை என்பது குரங்குகளிற் செய்த ஆய்வுகளாற் புலனாயிற்று. அவற்றோடு இணைந்து இறங்கும் வேறு அடக்கு வழிகளும் சேர்ந்து அறுபடுவதே விறைப்புக்குக் காரணம்.

பாரிசவாதம் கண்ட முதல் நாளிலேயே இவ்விறைப்புத் தோன்றிவிடுவதில்லை. முதலிற் சில நாட்கள், சில வேளை சில கிழமைகள், கை கால் துவண்டே கிடக்கும். பின்னரே விறைப்பு மெல்ல ஏறும். கட்டிலருகே இருக்கும் உறவினர் அதனைக் கண்டு, காலில் வலு ஊறுகின்றது என மகிழ்வதுண்டு. விறைப்பு வேறு, வலு வேறு. விறைப்பு ஏறும்போது கையையும் காலையும் நாள்தோறும் முறைப்படி நீட்டி மடக்காவிடில், மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பின்னர் நரம்பு ஓரளவு தேறினாலும் மூட்டு இடங்கொடாது.

துவண்டிருக்கும் அம்முதல் நாட்களிலே வழி எங்கே அறுந்தது என அறிதற்கு உதவுவது ஓர் எளிய அடையாளம். பரிசு நகரத்து வைத்தியர் ஜோசப் பபின்ஸ்கி 1896 இலே அதனை மிகச் சுருக்கமான ஒரு குறிப்பாக வெளியிட்டார். உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் குதியிலிருந்து முன்னோக்கிக் கீறினால், நலமுடையவரின் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். மேல் நரம்பு பழுதுற்றவரின் பெருவிரலோ மெல்ல மேல்நோக்கி எழும். கருவி வேண்டியதில்லை, ஒரு திறப்பின் முனை போதும். பச்சிளங் குழந்தைகளிலும் விரல் மேல்நோக்கியே எழும். அவர்களின் கூம்பக வழி இன்னும் முதிரவில்லை என்பதே பொருள். நடை பயின்ற பின்னர் அது மாறிவிடும். மூளையைப் படம் பிடிக்கும் பொறிகள் பெருகிய இக்காலத்திலும் வைத்தியர் உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பதை விட்டுவிடவில்லை.

முகவாதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நாட் காலையில் முகம் கோணியிருக்கக் கண்டால் வீடு முழுதும் கலங்கும். நெற்றியை மேலே சுருக்கச் சொல்லிப் பார்ப்பதால் ஒன்று தெரியவரும். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் ஆணை வருவதால், மூளையிலே ஒரு பக்கம் பழுதானாலும் நெற்றி சுருங்கும். வாய் மட்டுமே கோணும். முகத்துக்குச் செல்லும் கீழ் நரம்பு வீங்கிப் பழுதுற்றால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. தோற்றத்திற் கொடியதாய்த் தெரியும் இந்த இரண்டாவதே பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடுவது. வாய் மட்டும் கோணுவது சிறிதாகத் தோன்றினும் பாரிசவாதமாய் இருக்கலாம். எதுவாயினும் தீர்ப்பு வைத்தியருடையதே. வீட்டிலே பார்த்து நேரம் போக்குவதற்குரிய சோதனையன்று இது.

நேரம் என்பது இங்கு வெறும் சொல்லன்று. மூளையின் பெரிய குருதிக்குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சை இன்றி விடப்பட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என 2006 இல் வெளியான ஒரு கணக்கீடு கூறிற்று. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கி 4½ மணி நேரத்தினுள் ஏற்றுதல் வேண்டும். நோய் அடைப்பினாலா, குருதிப் பெருக்கினாலா என்பதைப் படம் பிடித்துத் தெளிந்த பின்னரே அதனை ஏற்றலாம். குருதிப் பெருக்காயின் அம்மருந்தே கேடாகும். ஒரு கை தளர்ந்ததும் எண்ணெய் தேய்த்து, விடியும் வரை பார்ப்போம் எனக் காத்திருக்கும் வீடுகளில் அந்த 4½ மணி அவ்வாறே கழிந்துவிடுகின்றது.

நரம்பின் நுனிக்கும் தசைக்கும் இடையேயுள்ள சந்தியிலும் பழுது நேரலாம். கட்டுவிரியன் பாம்பின் நஞ்சு அச்சந்தியிலே நரம்பு நுனியைத் தாக்குகின்றது. கண்ணிமைகள் முதலிற் சரியும், பின்னர் மூச்சுவிடும் தசைகள் ஓயும். பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினிகளுட் சில, சொரிந்த அசற்றைல்கோலின் அழிவதைத் தடுத்து, அச்சந்தியைக் குழப்புகின்றன. அவற்றை உட்கொண்டவர், முதல் நாட் கண்டத்தைத் தாண்டித் தேறியதாகத் தோன்றும்போதே, ஒரு நாள் முதல் நான்கு நாட்களுள் கழுத்தும் தோளும் தளர்ந்து மூச்சுத் திணறும் நிலை உண்டென்பதை 1987 இல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இலங்கை வைத்தியர் இருவரே. மூச்சுக்கு உதவும் பொறியிலே உரிய நேரத்தில் இணைத்தால் இவ்வகை நோயாளர் பலர் பிழைத்துவிடுகின்றனர். ஏனெனில் நரம்பு அறவில்லை, சந்தி மட்டுமே சில நாட்கள் மூடிக்கிடந்தது.

மேல் நரம்பும் கீழ் நரம்பும் ஒருங்கே பழுதுற்றால் யாது நேரும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. 1977, 1978 ஆம் ஆண்டுகளிலே இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்கள் ஒரே வகையான நோயோடு வைத்தியரிடம் வந்தனர். கெண்டைக்கால் நோவு, பின் பாதம் தொங்கிப் போதல், பின் கைகளும் தளர்தல். காய்ச்சல் இல்லை; ஒரே ஊரார் என்பதுமில்லை. இளம்பிள்ளைவாதமாயின் பருவமடைந்த பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்குவானேன்? அப்பெண்கள் தமிழ்க் குடும்பத்தினர் என்பதும், அண்மையிற் பூப்பெய்தியவர் என்பதும் கவனத்துக்கு வந்தன. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் நல்லெண்ணெயைத் தாராளமாகக் கொடுத்து உடலைத் தேற்றுவது தமிழர் வீடுகளில் வழிவழி வந்த பழக்கம். அந்த எண்ணெயை ஆராய்ந்தபோது, அதிலே ட்ரைகிரெசில் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருக்கக் காணப்பட்டது. இயந்திர எண்ணெய்களிற் சேர்க்கப்படும் பொருள் அது. முன்னர் அத்தகைய எண்ணெய் இருந்த கலங்களிலே நல்லெண்ணெயைக் கொண்டுவந்தமையால் அது கலந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் முடிவு. நிமால் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் இலண்டன் மருத்துவ இதழாகிய லான்செற்றில் இதனை வெளியிட்டனர். அன்போடு ஊட்டிய எண்ணெயே காலை முடக்கியது என்பதை அத்தாய்மார் எவ்வாறு அறிந்திருப்பர்? நிறத்தாலும் மணத்தாலும் கண்டுபிடிக்கத்தக்க நஞ்சன்று அது.

உட்கொண்டு பத்து நாள் தொடக்கம் மூன்று கிழமை வரை கழிந்த பின்னரே இந்நஞ்சின் வேலை வெளிப்படும். ஒரு மீற்றர் நீள நாரைச் சிறு கலம் ஒன்று பேணுகின்றது என மேலே கூறப்பட்டது. அப்பேணுகையையே இந்நஞ்சு குலைக்கின்றது. ஆதலின் நார் நுனியிலிருந்து பின்னோக்கிப் பட்டுப்போகின்றது. மிக நீண்ட நார்கள் முதலிற் பட்டுப்போவதால் பாதம் முந்துகின்றது, கை பிந்துகின்றது. அதே வேளையில், மூளையிலிருந்து முண்ணாணின் அடிவரை இறங்கும் நீண்ட மேல் நார்களும் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. ஆனால் இப்பழுது முதலில் தெரிவதில்லை. கீழ் நரம்பு அறுந்து கால் துவண்டிருக்கையில் விறைப்பைக் காட்டுவதற்குத் தசைக்கு வழியேது?

காலம் செல்லச் செல்லக் கீழ் நார்கள் மீண்டும் வளர்கின்றன. கை கால்களிலுள்ள நரம்புக்கு அவ்வாற்றல் உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அது நீளும். முண்ணாணின் உள்ளே இருக்கும் மேல் நார்களுக்கோ அவ்வாற்றல் இல்லை. எனவே பாதம் மெல்ல எழத் தொடங்கும் அந்நாட்களிலேயே கால் விறைக்கவும் தொடங்குகின்றது. ஒரு பழுது ஆற, அதன் பின்னே மறைந்திருந்த மற்றப் பழுது தலைகாட்டுகின்றது. இதனாலேயே பேராதனை வைத்தியர் தம் நோயாளரை வீட்டுக்கு அனுப்பியதோடு நில்லாது மூன்றாண்டு வரை தொடர்ந்து கவனித்தனர்.

இந்நஞ்சின் கொடுமையை உலகம் அதற்கு முன்னரும் கண்டிருந்தது. 1959 இலே மொறொக்கோ நாட்டில் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையலெண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேர் கால் வழங்காது வீழ்ந்தனர். 1930 இல், மதுவிலக்கு நடைபெற்ற அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, மதுவுக்குப் பதிலாக ஏழைகள் அருந்திய இஞ்சிச் சாரத்தில் இது கலக்கப்பட்டமையால் பல்லாயிரம் பேர் முடமாயினர். அவர்களுள் எஞ்சியிருந்த சிலரை 47 ஆண்டுகளின் பின்னர் வைத்தியர் மீண்டும் பரிசோதித்து, 1978 இல் தாம் கண்டதை வெளியிட்டனர். அன்று துவண்ட கால்களிலே அந்நாளைய துவட்சி பெரிதும் நீங்கியிருந்தது, விறைப்பே எஞ்சியிருந்தது.